ஒன்பது வெள்ளைக் கோடுகளும் ஒரு காலும்

“1985 ஏப்ரல் 9, செவ்வாய். காலை 9.50. வெள்ளைக் கோடுகள் ஒன்பதில் ஐந்துதான் தெரிகின்றன. கிழக்கோரம் நான்கின் மேல் மல்லாட்டை காய்கிறது. நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அன்று மாலை 5.40 மணிக்கு அதே கோடுகளின் மேல் என் வலது கால் முறிந்தது. அடுத்த குறிப்பு ஏப்ரல் 12ஆம் தேதிக்கு உரியது. அது என் மனைவி பிலோமினாவின் கையெழுத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. நடுவில் இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பதினெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அந்த வெறுமை இன்றும் உறுத்துகிறது. நூலகத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் காலைப் பார்த்துக் கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது தேதிகள் நழுவிவிடுகின்றன என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் திண்டிவனத்தில் கிளை நூலகர். வீடு விழுப்புரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பஸ் நிலையத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே திருச்சி போகும் நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் ஓயாத அந்தச் சாலையைக் கடக்க முடியாமல், எங்கள் வாசகர்களில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடிக் கடப்பதுதான் ஆபத்து என்று நான் பல இடங்களில் படித்திருந்தேன். நடப்பவர்களுக்கென்று ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் ஓட வேண்டியதில்லை. 1984இல் மூன்று கடிதங்கள் எழுதினேன். 1985 பொங்கல் முடிந்த வாரம் ஆட்கள் வந்து பளிச்சென்று ஒன்பது கோடுகள் போட்டார்கள். நான் நின்று எண்ணினேன். அன்றைய பக்கத்தில் ‘ஒன்பது’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

கோடு வேண்டும் என்று எழுதிக் கேட்டவன் கோட்டில் நடக்காமல் இருக்கலாமா? அந்தப் பிடிவாதம்தான் என்னைக் கிடத்தியது. அன்று மாலை மூன்றடி தள்ளி நடந்திருந்தால் காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என்னோடு சாலையைக் கடந்த மற்ற எல்லோரும் அப்படித்தான் மல்லாட்டையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் மட்டும், அடியில் கோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்ற நியாயத்தில், காய்களின் மேலேயே நடந்தேன். மூன்று கோடு தாண்டினேன். நான்காவதில் செருப்புக்கடியில் காய்கள் உருண்டன. மெட்ராஸ் பக்கமிருந்து வந்த டெம்போ, காயை மிதிக்கக் கூடாது என்று நடுச்சாலைக்கு விலகி வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த டிரைவரும் காயப்போட்டதன் மேல் ஏற்ற மாட்டார். விலகி வந்த அந்த வண்டிக்கு முன்னால்தான் நான் போய் விழுந்தேன்.

டிரைவர் ஓடவில்லை. அவரே என்னைத் தூக்கி டெம்போவில் படுக்கவைத்தார். “சார், நான் மெதுவாத்தான் சார் வந்தேன். காயி கெடக்குதேன்னு ஒதுங்கினேன், நீங்க இந்தப் பக்கம் வந்து வுழுந்துட்டீங்க” என்று ஆஸ்பத்திரி வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னது நிஜம். மறுநாள் தலைமைக் காவலர் வந்து கேட்டபோது நானும் அதையே சொன்னேன். காய் யாருடையது என்றும் கேட்டார். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்று எழுதிக்கொண்டார்.

திண்டிவனத்தில் கட்டுப்போட்டு, அன்றிரவே விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரும்புக் கட்டில், பச்சை வண்ணம் அடித்த சுவர், பினாயில் வாடை. எக்ஸ்ரே எடுக்க மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் ஒரு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். படம் ஈரமாகவே வந்தது. எலும்பு டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுத்தர வயது, சன்னமான குரல், சிரிக்க மாட்டார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். முன்புறம் தடவினால் தோலுக்கடியில் தட்டுப்படுவது பெரியது. உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுதான். பக்கத்தில் இருப்பது ஒல்லி. எனக்கு இரண்டும் முறிந்திருந்தன. பெரியது முறிந்ததோடு நிற்காமல் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்திருந்தது. இதை ‘காம்பவுண்ட் ஃப்ராக்சர்’ என்கிறார்கள். வெறும் முறிவு என்றால் கட்டுப்போட்டு விட்டுவிடலாம். தோல் திறந்துவிட்டால் சாலை மண்ணும் கிருமியும் எலும்பு வரைக்கும் போய்விடும். பிறகு எலும்பு சேர்வதைவிடப் புண் ஆறுவதுதான் பெரிய கவலை.

புண்ணைக் கழுவி, குதிகாலில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் முனையில் உருளையின் வழியாக இரண்டு செங்கற்களைத் தொங்கவிட்டார்கள். முறிந்த எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிப்பதற்காம். முதல் இரண்டு நாள் யாராவது கட்டிலை உரசிக்கொண்டு போனால் அந்தச் செங்கல் ஆடும். என் உயிரும் சேர்ந்து ஆடும்.

ஏப்ரல் 11, வியாழன் இன்னொரு செய்தி வந்தது. எனக்குச் சர்க்கரை நோய். நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. நீலநிறத் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். எனக்கு அன்று வந்தது செங்கல்.

“காலுல தொங்கறதும் செங்கல்லு, குழாயில வந்ததும் செங்கல்லு. வூடு கட்ட ஆரமிச்சுட்டீங்க போலக்கீதே, லைப்ரரி சார்” என்றார் பக்கத்துக் கட்டில் ராமலிங்கம். கெடாரில் நிலம் வைத்திருப்பவர், வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து எனக்கு முன்பே வந்தவர். அந்த வார்டில் என்னைச் சிரிக்கவைத்த முதல் ஆள். சிரித்ததில் கால் வலித்து அவரைத் திட்டினேன்.

சர்க்கரை இருந்தால் புண் ஆறாது. ஏப்ரல் 15, திங்கள், டாக்டர் கட்டைப் பிரித்தபோது எனக்கே வாடை தெரிந்தது. அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார், கருவிகளால் அல்ல, மூக்கால். பிறகு பிலோமினாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நான் உரக்கச் சொன்னேன்: “இங்கேயே சொல்லுங்க டாக்டர். காலு என்னுது.”

திரும்பி வந்தார். “பதினஞ்சு நாள் பாப்போம். ஊசி போட்டு சர்க்கரைய எறக்கணும். புண்ணு சுத்தமாகணும். ரெண்டும் நடந்தா கால் இருக்கும். சீழு மேல ஏறுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கத்தான் வேணும். காலுக்காக உயிர விட முடியாது.”

“எந்தத் தேதி?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “முப்பது” என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய். பிலோமினாவிடம் நாட்குறிப்பை வாங்கி, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். மறுநாள் பார்த்தபோது மடிப்பு நிமிர்த்தப்பட்டிருந்தது.

அந்தப் பதினைந்து நாட்களைத் தேதி தேதியாகச் சொல்ல என்னிடம் குறிப்பு இருக்கிறது. தினமும் நான்கு வேளைச் சோதனை, நான்கு நிறங்கள். நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போவதை நானே எழுதிக்கொண்டேன். 16: செங்கல், செங்கல், மஞ்சள், செங்கல். 19: மஞ்சள் மூன்று, செங்கல் ஒன்று. 22ஆம் தேதி மதியம் முதல் பச்சை. அதை அடிக்கோடிட்டு எழுதினேன். மாலையே மறுபடி மஞ்சள்.

ராமலிங்கத்துக்கு என் நிறங்களில் என்னைவிட அக்கறை. “மெட்ராஸுல மவுண்ட்ரோட்டுல பாத்துக்கீறேன் சார். செவப்பு வுழுந்தா நிக்கணும், பச்ச வுழுந்தா போவணும். உங்களுதும் அதே கணக்குதான். இன்னும் பச்ச வுழல, கம்முனு படுத்துக்கினு இருங்க.”

பிலோமினா காலையும் மாலையும் நடந்தே வந்தாள். சோறு கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து கேப்பைக் களி, கீரை, சுண்டல். களி எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் திருமணமான வருடத்திலிருந்தே தெரியும். நான் முகம் சுளித்தால், “கால வச்சுக்கினு சுளிங்க. கால் இல்லாம சுளிச்சா பாக்க சகிக்காது” என்பாள். அவள் வீட்டில் எனக்குத் தெரியாமல் சோறு வடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று என் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அவளும் களிதான் தின்றாள். கேட்டதற்கு, “ரெண்டு ஒல வைக்க யாரால ஆவும்?” என்று முடித்துவிட்டாள்.

ஏப்ரல் 24, புதன், பார்வையாளர் நேரம். ஒரு பெண் வார்டு வாசலில் நின்று கட்டில் கட்டிலாகப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. செங்கல் தொங்கும் காலைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்கதான லைப்ரரி சாரு?”

“ஆமா. நீங்க?”

“வல்லத்துல இருந்து வர்றேன். கன்னியம்மா. அந்தக் காயி எங்குளுது.”

பிலோமினா களித் தூக்கை மூடிவிட்டு எழுந்து நின்றாள். “இன்னா சொன்ன? ஒன் காயில வழுக்கித்தான் இந்த மனுஷன் இப்படிக் கெடக்கறாரு. காலையே எடுக்கணும்ன்றாங்க. பாத்துட்டுப் போவ வந்தியா?”

கன்னியம்மா பையைக் கீழே வைத்தாள்.

“போலீசு வந்து ஊர்ல கேக்குதுன்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு வெளியவே வரல. சார் எங்க பேரச் சொல்லிட்டீங்களோன்னு கேக்கத்தான் வந்தேன். பொய் சொல்லல.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நலம் விசாரிக்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

“வாக்குமூலம் பத்தாம் தேதியே குடுத்துட்டேன்” என்றேன். “காய் யாருதுன்னு தெரியாதுன்னு சொன்னேன். அப்ப தெரியாது. திரும்ப வந்து கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவ்ளோ ரோடு இருக்கு. கோட்டு மேலதான் போடணுமா?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“வேற எங்க சார் போடறது? இந்த வெயிலுக்குத் தாரு உருகுது. காயில ஒட்டிக்கினா மண்டிக்காரன் கறுப்புக் காயின்னு தள்ளிடுவான். வெள்ள பெயிண்டுல ஒட்டாது. சுத்தமா கீது. பொங்கலுக்குக் கோடு போட்டாங்களா, அதுலருந்து நாங்க நாலு வூட்டுக்காரங்க போட்டி போட்டுக்கினு எடம் புடிக்கிறோம். யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டு வாங்கிக் குடுத்தாராம்.”

பக்கத்துக் கட்டிலில் ராமலிங்கம் முதலில் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியும் சிரிப்புமாகக் கண்ணீர் விட்டார். “யம்மா, அந்தப் புண்ணியவான் இவருதாம்மா. காயிக்குக் களம் போட்டுக் குடுத்துட்டு அதுலயே வுழுந்து கெடக்கறாரு.”

நான் மூன்று கடிதங்களில் ஓட்டுநரின் பார்வை, நடப்பவரின் வேகம், சாலையின் அகலம் எல்லாம் எழுதியிருந்தேன். சித்திரை வெயிலில் தார் உருகும், வெள்ளைப் பூச்சில் காய் ஒட்டாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

பிலோமினா தூக்கைத் திறந்து மூடியில் களி வைத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். “வல்லத்துல இருந்து எத்தினி மணிக்குக் கெளம்பன? துன்னு மொதல்ல. அப்புறம் பேஜாரு பண்ணலாம்.” இருவரும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது என் குறிப்பில் இல்லை. அரை மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். மஞ்சள் பையில் இருந்தது மல்லாட்டை. டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரைக்காரர் ஒரு கைப்பிடி தின்னலாம் என்றார். மீதியை வார்டு தின்றது.

26, 27 தேதிகளில் காய்ச்சல் வந்தது. கடைசிக் கடிதமெல்லாம் எழுதி வைத்துவிடலாமா என்று நினைத்தேன், எழுதவில்லை. 28, ஞாயிறு: காய்ச்சல் இறங்கியது, நான்கு வேளையும் பச்சை. 29: பச்சை மூன்று, நீலம் ஒன்று.

ஏப்ரல் 30, செவ்வாய், காலை 10.15. பிலோமினா ஜெபமாலையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். ராமலிங்கம் தலையைத் திருப்பி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தேன். குனிந்தார். முகர்ந்தார். மறுபடி குனிந்தார். பஞ்சால் ஒற்றினார். பஞ்சில் சிவப்பு ரத்தம். சீழ் இல்லை.

“புது சதை வருது” என்றார். “கால் இருக்கும்.”

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிலோமினா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் மணியைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினேன்: ‘10.20. கால் இருக்கும்.’ அந்த இரண்டு சொற்களில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்ததைப் பிறகு பிலோமினாதான் காட்டினாள். நான் திருத்தவில்லை. இந்தப் பிரதியில்தான் சரியாக எழுதியிருக்கிறேன்.

மே முதல் வாரம் செங்கற்களை அவிழ்த்து, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். புண்ணுக்கு நேராக அந்த மாவுக்கட்டில் சதுரமாக ஒரு துளை வெட்டினார்கள், மருந்து வைப்பதற்கு. அதன் பெயரே ஜன்னல்தான். மே 18, சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஆகஸ்ட் 12, திங்கள், கட்டை வெட்டியெடுத்தார்கள். உள்ளே இருந்தது என் கால் என்று நம்ப முடியவில்லை; அவ்வளவு மெலிந்து, உரிந்து கிடந்தது. அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. இருக்கிறது.

நடுவில் மருத்துவ விடுப்பு விண்ணப்பங்களைக் கொடுக்கப் பிலோமினா இரண்டு முறை திண்டிவனம் போய்வந்தாள்: ஜூன் 3, ஜூலை 22. இரண்டாவது முறை பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். பஸ் கிடைக்கவில்லை என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். கைத்தடியுடன் பஸ் நிலைய வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தேன். அடுத்த பட்டத்து மல்லாட்டை வரத் தொடங்கியிருந்தது. கோடுகளிலிருந்து பத்தடி தள்ளி, சாலையோர மண்ணில், தைத்த சாக்குப் படுதாவின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. கோடுகள் சுத்தமாக இருந்தன. பெரியவர் ஒருவரும் இரண்டு பள்ளிப் பெண்களும் அவற்றின் மேல் நடந்து போனார்கள். யாரும் ஓடவில்லை. நெல் ஏற்றிய ஒரு லாரி அவர்களுக்காக நின்றது.

நானும் இறங்கினேன். கைத்தடி ஒவ்வொரு கோட்டிலும் விழ, எண்ணிக்கொண்டே நடந்தேன். மேற்கிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது கோட்டில் நின்றேன். கிழக்கிலிருந்து எண்ணினால் நான்காவது, நான் விழுந்த இடம். பின்னால் ஒரு சைக்கிள்காரர், “பெர்சு, ஜல்தி போ” என்றார். ஏழு, எட்டு, ஒன்பது. தார் முடிந்த இடத்தில் நிமிர்ந்தேன். எதிரே மண்ணில் பத்து. பதினொன்று.

ஓரத்து மண்ணை இடித்துக் கெட்டித்து, அதன்மேல் இரண்டு கோடுகள் நீண்டிருந்தன. இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டிருந்தது. அந்த இடத்தில் படுதா விரிக்க முடியாது. குனிந்து தொட்டேன். விரலில் வெள்ளை ஒட்டியது. சாலைக்கு அடிக்கும் பெயிண்ட் ஒட்டாது. இது சுண்ணாம்பு.

விசாரித்தேன். சாலைப் பணியாளர் ஒருவர், “எங்க வேல இல்ல சார். நாங்க அடிச்சது ஒம்போதுதான்” என்றார். நெடுஞ்சாலை அலுவலகப் பதிவேட்டில் 1985 ஜனவரிக்குப் பிறகு அந்த இடத்துக்கு எந்தப் பதிவும் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்துப் பதில் வரவில்லை. கன்னியம்மாவைக் கேட்டேன். “எனக்கு இன்னா சார் தெரியும்? வரும்போது இருந்திச்சு. அம்மா நல்லாக்கீறாங்களா?” என்று பேச்சை மாற்றினாள். பிலோமினாவைக் கேட்டேன். “எனக்கு வேற வேலயே இல்லியா? களி ஆறுது, சாப்பிடுங்க” என்றாள். ஜூலை 22 அன்று பொழுது சாய்ந்து திரும்பியபோது அவள் புடவையில் வெள்ளைக் கறை இருந்ததா என்று குறித்துவைக்காமல் போனேன்.

இன்று 1986 ஜனவரி 20. நேற்று ஞாயிறு, நூலகம் திறந்திருந்தது. பென்ஷன்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். கோடுகள் பதினொன்றும் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தன. யார் அடித்தது என்பது இதை எழுதும் நேரம்வரை உறுதி செய்யப்படவில்லை.